முட்டை ரோட்டின் கிழக்கு வளைவு

அஞ்சலை தலையிலிருந்த மீன் கூடையை இறக்கி ரோட்டின் நடுவில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எதிரே காசிம் பாயின் மோட்டார் சைக்கிள் நின்றது. நின்றது என்பதைவிட, எப்படியோ நின்றுவிட்டது என்பதுதான் சரி. அவளைக் கண்டதும் பாய் பிரேக்கை அழுத்தியதில் பின்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கி, ரோட்டிலிருந்த புழுதியை வாரி அவள் கூடைக்குள் கொட்டியிருந்தது. அவள் ஒரு வஞ்சிரத்தை எடுத்து முந்தானையால் துடைத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி கூடையில் வைத்தாள்.

"இன்னா பாய், இது யார் வூட்டு ரோடு?"

"குத்தகைக்கு எடுத்துக்கீறேன் மா. உப்பளத்து மொதலாளிகிட்ட."

"நான் வாக்கப்பட்டு வந்த நாளா இந்த வழியாத்தான் மீன் தூக்கிகினு போறேன். உன் மொதலாளிக்கு அது தெரியும். நீ சுத்து, வோணாம்னு சொல்லல. நான் நடக்கற எடத்துல சுத்தாத."

நானும் என் வீட்டுக்காரர் சேவியரும் வேலியோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை என்றெல்லாம் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பூசை முடிந்து ராயபுரத்திலிருந்து என்னைப் பின்னால் உட்கார வைத்து, திருவொற்றியூர் தாண்டி இங்கே கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"இங்கதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவேன்," என்றார். வேறொருத்தியைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பட்டாளம் விட்டுப்போன வட்டம்

அந்த ரோட்டை யாரும் பந்தயத்துக்காகப் போடவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டது.

சண்டை நடந்த வருஷங்களில், எண்ணூர் போகும் வழியில் உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியில் பட்டாளத்து லாரிகளைப் பழுதுபார்க்கும் இடம் ஒன்று இருந்தது. பழுது தீர்ந்த லாரியை ஓட்டிப் பார்க்க வேண்டுமே. பெரிய ரோட்டில் மாட்டு வண்டியும் ஜட்காவும் மறிக்கும். அதனால் செங்கல்லை உடைத்துப் போட்டு, ரோலர் உருட்டி, ஒரு வட்டமாகத் தங்களுக்கென்றே ரோடு போட்டுக்கொண்டார்கள். நாளெல்லாம் லாரிகள் செக்கு மாடு மாதிரி அதில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது நான் பாவாடை கட்டிய பெண். ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று பாதி ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரம். எங்கள் அப்பா மட்டும், "குண்டு போடறவனுக்கு ராயபுரத்துல இன்னா வேல" என்று சொல்லி எங்களை அங்கேயே வைத்துக்கொண்டார்.

சண்டை ஓய்ந்தது. பட்டாளம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ரோட்டைச் சுருட்டிக்கொண்டு போக முடியவில்லை. அதில் ஆடு மேய்ந்தது. கரையோரக் குப்பத்துப் பெண்கள் நெத்திலி காய வைத்தார்கள்.

காசிம் பாய் தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர்கள் கழித்துக் கட்டிய மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் எடுத்துவந்து உயிர் கொடுப்பார். கனத்த உடம்பு, சன்னமான குரல். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. உயிர் கொடுத்த வண்டியை ஓட்டிப் பார்க்க அவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. வட்டம் சும்மாதானே கிடக்கிறது என்று வந்தார். அவர் வருவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற முனுசாமி வந்தார். இரண்டு பேர் தனித்தனியாகச் சுற்றினால் அது ஓட்டிப் பார்ப்பது. ஒரே நேரத்தில் சுற்றினால் பந்தயம். அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அஞ்சலையின் சண்டைகள்

கூடையை இறக்கி வைத்த அன்றைய சண்டை எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

பாய் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அவளுக்கு எதிரே தானும் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மணலில் விரலால் கோடு போட்டுப் போட்டுப் பேசினார்கள். கடைசியில் ஏற்பாடு இப்படி ஆயிற்று: மீன் கூடைக்காரிகளுக்குத் தெற்கு ஓரமாகத் தனி வழி. கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்த இடம், குப்பத்தின் வலை காய வைக்கும் மணல் திடல். அதில் ஒரு சக்கரமும் படக்கூடாது. எல்லை தெரிய குப்பத்தார் பனங்கம்பம் நட்டுக்கொள்வார்கள்.

திடலுக்கு இடம் விட்டதில் ரோட்டின் கிழக்கு முனை ஒடுங்கிப்போயிற்று. மேற்கு முனை அகலமாகவே இருந்தது. உப்பு மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தால் அசல் கோழி முட்டை. அன்று முதல் அதற்கு முட்டை ரோடு என்றுதான் பெயர். பேப்பரில் வேறு பெயர் போட்டு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. மேற்கு வளைவில் பறக்கலாம், கிழக்கு வளைவில் கும்பிடு போட்டுக்கொண்டுதான் போகணும் என்று ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது சாம்பல். செங்கல் ஜல்லி டயரைக் கிழித்தது. விழுந்தவனின் தோலையும் கிழித்தது. ரயில் இன்ஜின் ஷெட்டுக்குப் பின்னால் மலை மாதிரி கரிச்சாம்பல் கிடக்கிறது, கேட்பாரில்லை என்று சேவியர் சொன்னார். மாட்டு வண்டி மாட்டு வண்டியாக அதைக் கொண்டுவந்து களிமண்ணோடு கலந்து பரப்பினார்கள். காலுக்குக் கீழே அது நறநறவென்றிருக்கும். சக்கரத்துக்கு மட்டும் வெண்ணெய் மாதிரி. வளைவில் வண்டி சறுக்கிக்கொண்டே திரும்பும், ஆனால் விழாது.

ஒரு வாரம் ஆகவில்லை, அஞ்சலை வந்து நின்றாள். மேல்காற்றில் சாம்பல் பறந்து கருவாடெல்லாம் கருத்துவிட்டதாம். ஒரு வாளைக் கருவாட்டைப் பாயின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இத்த நீ துண்ணு காட்டு. அப்பால நான் போறேன்."

பாய் அதை வாங்கித் தன் பட்டறைத் துணியில் சுற்றிக்கொண்டார். மறுநாளே எங்கிருந்தோ ஒரு பழைய தண்ணீர் லாரியை ஓட்டிவந்துவிட்டார். ஓட்டத்துக்கு முன்னால் ரோட்டை நனைக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. நனைந்த சாம்பலில் ஓட்டம் இன்னும் அழகாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ரோட்டுக்கு வந்த ஒவ்வொரு நல்லதுக்கும் பின்னால் அஞ்சலையின் ஒரு சண்டை இருந்திருக்கிறது.

எங்களுக்குள் சிநேகம் வளர்ந்ததும் அப்போதுதான். வாரத்தில் பாதி நாள் என் வீட்டு வாசலில்தான் கூடையை இறக்குவாள். பேரம் பேசினால் கோபம் வரும். பேசாவிட்டால் இன்னும் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்

அந்த ரோட்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு. பந்தய வண்டி இன்ஜினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். சூட்டில் அது எரிந்து வருகிற புகை தித்திப்பாக இருக்கும். அதோடு கருவாடு, நனைந்த சாம்பல், வேர்க்கடலை வறுபடுகிற மணல். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்ததால், முதல்முறை வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள்.

துறைமுகத்துக் கூலிகள், மில்காரர்கள், வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்கள், குப்பத்து ஜனங்கள் என்று கூட்டம் சேர்ந்தது. காலி பீப்பாயின் மேல் உட்காருவார்கள், லாரியின் மேல் ஏறி நிற்பார்கள். என் வேலை டிஞ்சர், பஞ்சு, ஒரு அண்டாத் தண்ணீர். அதோடு தையலும். பட்டாளத்துக் கூடாரத் துணியில் ஓட்டுகிறவர்களுக்குக் கால்சட்டை தைத்து, முழங்காலில் தோல் வைப்பேன். கல்யாணத்துக்கு வந்த தையல் மிஷின், ரவிக்கை தைத்ததைவிட இதைத்தான் அதிகம் தைத்தது.

சேவியரை அந்த ரோட்டில் அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் மனைவி என்பதால் சொல்லவில்லை. வீட்டில் அவர் நடை மந்தம், பேச்சு மந்தம். ஒரு தம்ளர் காப்பியைக் குடித்து முடிக்க அரை நாள் வேண்டும். அதே மனுஷன் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வளைவில் சாய்ந்து போவதைப் பார்க்கும்போது, இவர் யாரோ எவரோ என்றிருக்கும். எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது. பெருமையாகவும் இருந்தது. எது எங்கே முடிகிறது என்று பிரிக்கத் தெரியவில்லை.

கம்பம்

கல்யாணமாகி மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிறு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சேவியரும் முனுசாமியும் ஒட்டி ஒட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கிழக்கு வளைவில் முனுசாமி வேகத்தைக் குறைத்தார். இவர் குறைக்கவில்லை. அந்த இடத்தில் வெளிப்பக்கமாக அவரைத் தாண்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். வண்டி சறுக்கியது. எப்போதும் சறுக்குவதுதான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. இடது பக்கம் படுத்து, அவர் காலைத் தன்னடியில் வைத்துக்கொண்டு, அப்படியே வெளியே போய்ப் பனங்கம்பத்தில் மோதியது.

நான் ஓடிப் போவதற்குள் வலை பின்னிக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் வண்டியைத் தூக்கியிருந்தார்கள். அஞ்சலை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கால பாக்காத. மூஞ்ச பாரு. மூஞ்சிகிட்ட வந்து பேசு."

நான் முகத்தைத்தான் பார்த்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தண்ணீர் லாரியில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது.

யார்மேல் சொல்வது

இந்த மாதிரி நடந்துவிட்டால் ஜனங்களுக்கு யாராவது ஒருவர்மேல் சொல்ல வேண்டும். கம்பத்தை நட்டது யார்? குப்பம். திடலை விடமாட்டேன் என்று மறித்தது யார்? அஞ்சலை. அந்த வாரமே சில பையன்கள் போய் நாலைந்து கம்பத்தைப் பிடுங்கிக் கடலில் போட்டார்கள். அஞ்சலையிடம் மீன் வாங்கக்கூடாது என்று எங்கள் தெருவிலேயே பேச்சு நடந்தது.

ஒரு நாள் சாயந்திரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் நிற்பதைப் பார்த்தேன். கூடை இல்லாமல் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிகினு கீறாங்கோ," என்றாள். "அத்த வுடு. நீ இன்னா சொல்றேன்னு கேட்டுகினு பூடலாம்னு வந்தேன், ஸ்டெல்லாம்மா."

உள்ளதைச் சொன்னால், அந்தக் கம்பத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பாயின் மேல் இருந்தது. கட்டிலில் கிடந்த மனுஷன் மேல் எல்லோரையும்விட அதிகமாக இருந்தது. அவள்மேல் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். அவள் மடியில் அவர் தலை இருந்ததுதான் ஞாபகம் வந்தது.

"உள்ள வந்து அவரைப் பாருக்கா," என்றேன்.

வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போர்வையின் அந்தப் பக்கம் தட்டையாக இருந்ததை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

சேவியர்தான் பேசினார். "அஞ்சலக்கா, கம்பம் அங்க கீதுன்னு எனக்குத் தெரியும். நான் வர்றேன்னு கம்பத்துக்குத் தெரியாது. அப்ப யார்மேல தப்பு?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் சுறாப் புட்டும் சோறும் அவள் வீட்டிலிருந்துதான் வந்தது.

முட்டை சின்னதாகிறது

காசிம் பாய் ரோட்டை மூடிவிட்டார். பட்டறைக்கும் ஒழுங்காகப் போவதில்லை என்று கேள்விப்பட்டோம். சேவியர் கட்டை ஊன்றி நடக்கப் பழகியதும், முதலில் என்னை அழைத்துக்கொண்டு போன இடம் பாயின் பட்டறை. அங்கே ஏற்கெனவே குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் அஞ்சலையும் உட்கார்ந்திருந்தார்கள். முனுசாமியும் இன்னும் சில ஓட்டக்காரர்களும் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"பேசி முடிவு பண்ணிட்டோம் பாய்," என்றாள் அஞ்சலை. "திடல எடுத்துக்கோ. வளைவ பெருசா போட்டுக்கோ. இன்னொருத்தன் கால் போவக்கூடாது."

சுவரோரம் நின்றவர்களின் முகம் மலர்ந்தது. பாய் எண்ணெய் படிந்த தன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எடுத்துகினா, வலைய எங்க காயப் போடுவீங்கோ?"

"எங்கயாச்சும் போட்டுக்கறோம்."

"எங்கயாச்சும்னா எங்க? கடல்லயா?" பாய் எழுந்தார். "மொத நாளே நான் யோசிச்சிருக்கணும். திடல வுட்டதும் ரோட்டயும் உள்ள இஷ்த்துகினு இருக்கணும். நீட்டம் போவுதேன்னு ஆசப்பட்டு வளைவ இடுக்குல கொண்டாந்து வச்சிட்டேன். இப்ப இஷ்த்துக்கறேன். கெழக்கால கொஞ்சம் வெட்டிட்டா, எடம் அகலமா கீற எடத்துல வளைவு வந்துடும். கம்பமும் தூரமா பூடும்."

ஓட்டக்காரர்களில் ஒருவர் முனகினார். "நேர் ரோடு கொறஞ்சிடும் பாய். ஸ்பீடு வராது. அத்துணூண்டு முட்டைல இன்னா ரேஸு?"

"சின்ன முட்டைனா பக்கத்துல பக்கத்துல ஓடுவீங்கோ," என்றார் சேவியர். "ஜனங்க அத்த பாக்கத்தான் வராங்கோ. தூரத்துல புள்ளியா போறத பாக்க இல்ல."

அந்தக் கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் சொன்ன பிறகு மறுபேச்சு எழவில்லை.

வெயில் தணியத் தணியப் போய் வேலை செய்தார்கள். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையிலேயே பழைய வளைவின் சாம்பலை வாரிப் புது வளைவில் கொட்டினார்கள். வெளிப்பக்கத்தைக் களிமண் போட்டு மேடாக்கி உள்பக்கம் சரிய விட்டார்கள். சறுக்குகிற வண்டியை அந்த மேடு தாங்கிப் பிடிக்கும். வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்று முளைக்குச்சி அடித்தது சேவியர். கட்டையால் மணலைக் குத்தி, இங்கே, இங்கே என்று சொல்லிக்கொண்டே போனார். நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் சொன்னது பலித்தது. சின்ன முட்டையில் வண்டிகள் தோளோடு தோள் உரசின. அதுவரை வந்ததைவிட இரண்டு பங்கு கூட்டம் வந்தது. யாரும் பெரிதாக அடிபடவும் இல்லை. ஆனால் எல்லோரும் ஓடும்போது இவர் ஒரு பீப்பாயில் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும்போது அவர் வலது கை மட்டும் மடியில் கிடந்து தானாக முறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க முடியாமல் நான் அண்டாத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மணல் மூட்டை

பாயின் பட்டறை மூலையில் பட்டாளத்துச் சைட்கார் வண்டி ஒன்று சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி, அதற்கொரு சக்கரம், ஆக மூன்று சக்கரம். காலை ஊன்ற வேண்டிய அவசியமில்லை. பாய் அதன் கால் பிரேக்கைக் கைக்கு மாற்றி, சைட்கார் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பலகையும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தார். ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

சேவியர் அதைச் சுற்றி வந்தார். அன்று காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

அந்த வண்டிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். முட்டையில் எப்போதும் இடது பக்கம்தான் திரும்புவார்கள். சைட்கார் இருப்பதும் இடது பக்கம். திரும்பும்போது அதன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பலகையில் இருப்பவர் வெளியே சாய்ந்து தன் கனத்தால் அதை அமுக்க வேண்டும். முனுசாமியின் தம்பி ஏறிப் பார்த்தார், இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார். மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தார்கள்.

"மணல் மூட்ட சாயாதே," என்றேன் நான்.

சேவியர் என்னைப் பார்த்தார். பாய் வேறு எங்கோ பார்த்தார்.

"நீங்க தைக்கச் சொன்ன கால்சட்டையெல்லாம் தெச்சிக் குடுத்தேன். எனக்கு ஒண்ணு தெச்சிக்கத் தெரியாதா?"

"ஊரு பேசும் ஸ்டெல்லா."

"இப்ப மட்டும் இன்னா சும்மாவா கீது?"

அவர் பலகையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பயமா இல்லியா?"

"அங்க ஒக்காந்து தண்ணி மோந்துகினு பாக்கறதவிட இது பயமா இருக்காது," என்றேன். அது உண்மை.

ஊர் பேசியது. என் மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "உனக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேரையும் நான் எப்டி வச்சிப் பாப்பேன்" என்றார். கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், பெண்களின் அடக்கம் பற்றிப் பேரெதுவும் சொல்லாமல் பேசினார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அதற்கடுத்த ஞாயிறு அவரே குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார்.

எங்களைப் பார்த்து வேறு சிலரும் சைட்கார் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பருவம் ஓட்டினோம். ஜெயிக்கவில்லை என்றாலும் யாருக்கும் சுலபமாக வழி விட்டதில்லை. வளைவு வரும்போது அவர் தலையை லேசாக அசைப்பார், நான் சாய்வேன். வீட்டில் நாங்கள் அவ்வளவு பொருத்தமாக எதையும் செய்ததில்லை.

கடைசி ஓட்டம்

அந்த வருஷங்களில் அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. மாதத்துக்கு ஒரு புகைபோக்கி எழும்பியது. உப்பளத்து முதலாளியும் நிலத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. மழைக்கு முன்னால் ஒரு கடைசி ஓட்டம் நடத்திக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தார்கள். குப்பத்தின் திடலில் மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை என்று பாய் தன் குத்தகைப் பத்திரத்தைக் காட்டிப் பேசி, அதை எல்லையோடு எழுதி வாங்கிக் கொடுத்தார். தன் ரோட்டுக்கு அவர் எதுவும் கேட்கவில்லை.

அன்று சைட்கார் ஓட்டத்தில் மூன்று வண்டி. முனுசாமியும் அவர் தம்பியும் ஒன்றில், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் ஒன்றில், நாங்கள் ஒன்றில். தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன ரோடு கருகருவென்று மின்னியது.

முதல் சுற்றில் கடைசியாக இருந்தோம். மேற்கு வளைவில் வண்ணாரப்பேட்டைக்காரர்களைத் தாண்டினோம். எதிரே முனுசாமியின் சக்கரம் வாரி அடித்த சாம்பல் என் முகத்தில் மணிமணியாகத் தெறித்தது. கடைசிச் சுற்று. கிழக்கு வளைவு வந்தது. முனுசாமி உள்பக்கம் ஒட்டிப் போனார். வெளிப்பக்கம் வழி இருந்தது, அதே மாதிரி வழி. சேவியரின் தலை அசையவில்லை. அவர் கை வேகத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று ஒரு கணம் நின்றது, எனக்குத் தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது அவர் முடிவு.

குறைத்தார். பிறகு தலையை அசைத்தார். நான் சாய்ந்தேன், என் முழங்கை ரோட்டில் உரசும் அளவுக்குச் சாய்ந்தேன். முனுசாமிக்குப் பின்னாலேயே, அவர் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே வந்து முடித்தோம். இரண்டாம் இடம்.

வண்டி நின்றதும் சேவியர் திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. "வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். ரோட்டில் ஒருபோதும் என்னைப் பார்த்துச் சிரித்திராத மனுஷன் அன்று சிரித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலை வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கையில் குத்தியிருந்த சாம்பல் துகளில் நகத்துக்கு எட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்கத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மழை முடிந்ததும் அங்கே மதில் எழும்பியது. காசிம் பாய் லாரி பழுதுபார்க்கும் வேலைக்கு மாறி, நன்றாகவே இருந்து போய்ச் சேர்ந்தார். சேவியர் ரயில்வேயில் சாமான் அறையில் உட்கார்ந்த வேலை பார்த்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, தூக்கத்திலேயே போனார். கடைசி வரை காப்பி குடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டார். அஞ்சலையின் வீட்டார் இன்னும் அந்தத் திடலில்தான் வலை காய வைக்கிறார்கள்.

போன மாதம் ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் சின்னப் பெண். என் முழங்கையில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். போகவில்லை.

"அழுக்கு ரொம்ப ஊறிப்போயிருக்கு பாட்டி," என்றாள்.

"அழுக்கில்லம்மா," என்றேன். "அது ரோடு."

அவள் சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்தினாள்.